வால் வைத்த பொட்டு

அந்தச் சுருளை வெயில் படாமல் பிடியுங்கள் சார். ஜன்னல் பக்கம் வேண்டாம், இப்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காலண்டர்தானே? சிவகாசியில் பஸ் ஏறுகிற ஆள் அந்த நீளத்துக்கு வேறு எதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகப் போகிறார். என்ன படம்? லட்சுமியா? பச்சைச் சேலையா, அரக்குச் சேலையா?

பச்சையா. தப்பாக நினைக்காவிட்டால் கொஞ்சம் விரித்துக் காட்டுங்கள். முழுக்க வேண்டாம், பாதி போதும். இந்த இடது தோள் இருக்கிறதே, இங்கிருந்து கீழே தாமரை வரைக்கும் வெளிச்சமாக ஒரு பட்டை தெரிகிறதா பாருங்கள். ஒரு விரல் அகலத்துக்கு, வெளுத்துப்போன மாதிரி. தெரியவில்லையா? சாய்த்துப் பாருங்கள். இல்லைதானே?

இருக்காது. இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் யார் வீட்டுக்குப் போனாலும், எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் என் கண் முதலில் அந்த இடத்துக்குத்தான் போகிறது. சரி, சுருட்டிக்கொள்ளுங்கள்.

அந்தப் படம் அடித்த பிரஸ்ஸில்தான் நான் இருக்கிறேன். பெயர் பொன்னுலிங்கம். இருபத்தோரு வருஷமாக நைட் ஷிப்ட். இப்போது வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறேன். சாத்தூர் வரைக்கும் தூங்கலாம் என்றுதான் ஏறினேன். உங்கள் கையில் அந்தச் சுருளைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. நீங்கள் எந்த ஊர்? திருவண்ணாமலையா? தூரம்தான். நல்லது.

காலண்டர் சாமிப் படமெல்லாம் எப்படி வருகிறது தெரியுமா? யாரோ ஓவியர் ஒருவர் வரைந்திருப்பார். அதை ஃபிலிமில் படம் பிடித்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள். தபால் கார்டு அகலத்தில் கலர் ஃபிலிம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே சாமி எரிகிற மாதிரி தெரியும். அந்த ஃபிலிமை ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினால்தான் அச்சுக்குப் போகும். அதுதான் என் வேலை. வேலையாக இருந்தது.

டிரம் ஸ்கேனர் என்று ஒரு மிஷின் சார். கண்ணாடி உருளையில் எண்ணெய் தடவி ஃபிலிமை ஒட்டி, உருளையைச் சுற்றவிட வேண்டும். ஒரு குமிழி உள்ளே போனால் சாமி முகத்தில் கொப்புளம் வந்துவிடும். நான் பிரஸ்ஸில் சேர்ந்தது பேப்பர் அடுக்குகிற வேலைக்கு. அந்த மிஷினை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கூட வந்த புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகும். பகலில் கரண்ட் ஏறி இறங்கும், மிஷினுக்கு ஆகாது. அதனால் ராத்திரிக்கு வந்தேன், ராத்திரியிலேயே நின்றுவிட்டேன்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதலாளி அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தை என் கையில்தான் கொடுப்பார். மற்ற மிஷினுக்கெல்லாம் யார் யாரோ பொட்டு வைப்பார்கள். டிரம்முக்கு நான்தான். என் பொட்டு தனி. மோதிர விரலால் சந்தனத்தை வைத்து, உருளை சுற்றுகிற பக்கமாக லேசாக ஓர் இழுப்பு இழுத்துவிடுவேன். வால் மாதிரி நிற்கும். மேலே குங்குமம். சுற்றுகிற மிஷினுக்குச் சுற்றுகிற பொட்டு. நானாகவே வைத்துக்கொண்ட வழக்கம், எந்தப் புத்தகத்திலும் இல்லை.

போன பங்குனியில் மிஷினின் விளக்கு போய்விட்டது. அந்த விளக்கு இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை என்றார்கள். தார்ப்பாயைப் போட்டு மூடி, கழிவுப் பேப்பர் குவிக்கிற கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாலு பேர் தூக்கினார்கள், நானும் ஒரு ஆள். ராத்திரியில் பழையபடி பேப்பர் அடுக்கப் போனேன்.

ஆனி மாசம் முதல் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை புது ஸ்கேனர் வந்தது. ஸ்கேனரா அது? மேசைமேல் வைக்கிற ஒரு பெட்டி. கீழே கண்ணாடி, மேலே மூடி. மூடிக்குள் ஒரு விளக்கு. ஃபிலிமைக் கறுப்பு பிளாஸ்டிக் சட்டத்தில் மாட்டிக் கண்ணாடிமேல் வைத்து மூடினால் வேலை முடிந்தது. எண்ணெய் இல்லை, சுற்று இல்லை. ஒரு பெட்டி.

கார்த்தீஸ்வரி என்று ஒரு பெண் டிசைன் செக்ஷனில் இருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். திருத்தங்கல்காரி. மதுரையில் ஏதோ கோர்ஸ் படித்தவள். வந்து நாலு வருஷம். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், மரியாதைக்குக் குறைவில்லை. அது வேறு விஷயம்.

பூஜை போட்டார்கள். சூடம் காட்டியாயிற்று. அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். நான் ஒரு அடி முன்னால் வந்துவிட்டேன். கையைக்கூட வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"கார்த்தீஸ்வரி, இங்க வாம்மா. நீயே வையி."

"நானா அண்ணாச்சி? பொன்னுலிங்கம் அண்ணன் நிக்காங்கல்ல?"

"அவன் டிரம்முக்காரன். இது உன் சீட்டு. வையி வையி, ராகுகாலம் வந்துரும்."

டிரம்முக்காரன். எல்லாரும் நிற்கிறார்கள். நான் முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுக்க வேண்டும். ஒரு கால்தான், ஆனால் எப்படி எடுப்பது சொல்லுங்கள். செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டே எடுத்தேன். பூஜையில் யார் செருப்புப் போட்டிருந்தார்கள்.

அவள் மூடிக்கு நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். வட்டமாக, நாணயம் மாதிரி. கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள். "அண்ணே, நீங்களும் ஒண்ணு வைங்கண்ணே."

"வேண்டாம்மா. ஒரு மிஷினுக்கு ஒரு பொட்டு போதும்."

அப்படிச் சொன்னது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் மாறுகிற நேரம் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். கிண்ணம் சாமி படத்துக்கு முன்னால் அப்படியே இருந்தது. சந்தனம் இன்னும் காயவில்லை. போய் மூடியைத் திறந்தேன். நான் விவரமில்லாதவன் இல்லை சார். ஃபிலிம் வைக்கிற இடத்தில் கைபடக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? கறுப்புச் சட்டத்தின் தலைப்பக்கம், படத்துக்கு வெகு மேலே, நீளவாக்கில் ஒரு சின்னத் திறப்பு வெட்டியிருந்தது. அங்கே படம் வராது. எதுவுமே வராது. சும்மா கிடக்கிற இடம். அந்தத் திறப்புக்குள், கண்ணாடிமேல், மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தேன். பழக்கம், கை தானாக வாலும் இழுத்துவிட்டது. குங்குமம் வைத்தேன். கும்பிட்டேன். மூடினேன்.

பொட்டு வைப்பது ஒரு குற்றமா? நீங்களே சொல்லுங்கள்.

முதல் பத்து நாள் அவள் பேப்பர் வேலைதான் பார்த்தாள். பழைய அட்டை, நோட்டீஸ், அந்த மாதிரி. அதற்கு மூடியில் இருக்கிற விளக்கே எரியாது. எல்லாம் நன்றாக வந்தது. பிறகுதான் ஃபிலிம் எடுத்தாள். ஆடிப் பதினெட்டுக்குப் புது வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம் தெரியுமில்லையா? மாதிரிப் படமெல்லாம் சேர்த்து ஒரு புத்தகமாகப் போடுவார்கள். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டுதான் ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கக் கிளம்புவார்கள். அன்றைக்கு ஆல்பம் இல்லாத பிரஸ்ஸுக்கு அந்த வருஷம் இல்லை. எங்களுக்குப் பன்னிரண்டு புதுப் படம் சேர வேண்டும். முதல் படம் உங்கள் மடியில் இருக்கிறதே, அந்த லட்சுமி.

லட்சுமியின் தோளில் வெளிச்சப் பட்டை விழுந்தது.

நடுவில் வெள்ளை, ஓரத்தில் மங்கல். மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே நேர்கோடு. அடுத்த படம் முருகன். அங்கேயும் அதே கோடு. வேல் ஒன்று, அதன் பக்கத்திலேயே வெளிச்சத்தில் இன்னொரு வேல். பிள்ளையாருக்குத் தும்பிக்கை இரண்டாகப் பிளந்தது.

அவள் செய்யாததில்லை. கண்ணாடியைத் துடைத்தாள். மூடியின் உள்பக்கத்தைத் துடைத்தாள். ஃபிலிமின் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதோ என்று கறுப்புக் காகிதத்தைச் சட்டம் மாதிரி வெட்டிச் சுற்றிலும் வைத்தாள். ஓரம் சுத்தமாயிற்று, கோடு போகவில்லை. டியூப்லைட்டை அணைத்தாள். விளக்கு சூடாகட்டும் என்று அரைமணி நேரம் காத்திருந்தாள். சர்வீஸ்காரனுக்குப் போன் போட்டாள். அவன், "கண்ணாடியை நல்லாத் தொடைங்க மேடம்" என்றான்.

துடைத்தாள் சார். தினமும் இரண்டு வேளை. பொட்டைத் தொடாமல், பொட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். அண்ணாச்சி வைத்திருப்பார் என்று அவள் நினைத்திருக்கிறாள். அண்ணாச்சி மூடிக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மிஷினுக்கு வைத்த பொட்டு தானாகக் காய்ந்து உதிர வேண்டும், எங்கள் ஊரில் அதை அழிக்க யாருக்குக் கை வரும்?

ஒரு நாள் காலையில் நான் கிளம்பும்போது வாசலில் நிறுத்தினாள். கண் சிவந்திருந்தது. "அண்ணே, நீங்க எத்தனை வருஷமா ஃபிலிம் பாத்தவங்க. இது எதனால வரும்ணே?"

"எனக்கென்னம்மா தெரியும், நான் டிரம்முக்காரன்" என்றேன். சொல்லும்போது நன்றாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் நன்றாக இல்லை.

நான் பார்க்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரஸ் லீவு, வாட்ச்மேனிடம் சாவி வாங்கிப் போனேன். லட்சுமியை அப்படியே படுக்கைவாக்கில் திருப்பி வைத்து ஸ்கேன் போட்டேன். லட்சுமி திரும்பினாள், கோடு திரும்பவில்லை. அதே இடம், அதே நேர். அப்படியென்றால் கோளாறு ஃபிலிமில் இல்லை, மிஷினில். இதை அவளிடம் சொன்னேனா? சொல்லவில்லை. கோர்ஸ் படித்தவள்தானே, அவளே கண்டுபிடிக்கட்டும்.

அதோடு இன்னொன்றும் பார்த்தேன். ஸ்கிரீனில் கோடு ஓடுகிற இடத்தையும் கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கோடு என் பொட்டுக்கு நேர் கீழே ஓடியது. ஒரு நூல் விலகல் இல்லை.

என்ன நினைத்தேன் தெரியுமா? சிரிக்கக் கூடாது. சாமி கோடு போட்டுக் காட்டுகிறது என்று நினைத்தேன். இந்த மிஷின் யாருக்கு என்று. ஒரு தடவை கைகூடப் போயிற்று, பொட்டை எடுத்துத்தான் பார்ப்போமே என்று. எடுக்கவில்லை. சாமி காரியத்தில் நாம் கைவைக்கலாமா?

ஆடி பிறந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டுவிட்டார். நானும் நின்றேன், ஷிப்ட் முடிந்தும்.

"என்னம்மா, சாமி எல்லாம் டியூப்லைட்டு முழுங்கின மாதிரி நிக்கி. இதையா ஆல்பத்துல போடச் சொல்லுத?"

"இன்னும் ரெண்டு நாள் குடுங்க அண்ணாச்சி."

"இப்படியே மூணு வாரம் போச்சு."

அப்போது நான் சொன்னேன். "அண்ணாச்சி, என்கிட்ட குடுத்துப் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அங்கே இருப்பதே அப்போதுதான் தெரிந்த மாதிரி. "நீயா? சரி. வெள்ளிக்கிழமைக்குள்ள அவளுக்கு வரலைன்னா நீ உக்காருய்யா. அவ டிசைனுக்கே போகட்டும்."

அன்றைக்கு வீட்டுக்குப் பூ வாங்கிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரி வாசலிலேயே, "என்ன, டிரம்மு உசுரோட வந்துருச்சா?" என்றாள். அவளுக்கு எப்போதும் இளக்காரம்தான். பூவை அவள் கையில் கொடுத்தேன். மூன்று நாள்தானே. புதன், வியாழன் இரண்டு நாளும் பகலில் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அவள் வந்துவிட்டாள். கையில் ஒரு கத்தைத் தாள். மிஷினின் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்து, அச்சுப் போட்டு, வீட்டில் உட்கார்ந்து படித்திருக்கிறாள். புத்தகம்! சார், அந்தப் பிரஸ்ஸில் புத்தகம் படித்து மிஷின் கற்றவன் ஒருவன்தான். இந்தப் பெட்டியின் புத்தகத்தை மட்டும் நான் தொடவில்லை. ஏன் தொட வேண்டும்? என் சீட்டா அது?

அண்ணாச்சி வந்ததும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, தாளில் இருந்த படத்தைக் காட்டினாள்.

"அண்ணாச்சி, இந்தத் திறப்பு இருக்குல்ல, இதுல எதுவுமே மறைக்கக் கூடாதாம். ஒவ்வொரு தடவையும் மிஷின் முதல்ல இங்க வந்து வெறும் வெளிச்சத்தைப் பாத்துட்டுத்தான் படத்துக்குப் போகுதாம்."

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "கடையில தராசை முதல்ல சும்மா வச்சு பூஜ்யம் பாப்பாங்கல்ல. அப்பத் தட்டுல ஒரு கல்லு கெடந்தா எல்லா எடையும் தப்பாத்தான வரும்? இந்தப் பொட்டு இருக்குற இடத்துல மட்டும் வெளிச்சம் கம்மின்னு மிஷின் நெனச்சுக்குது. அதனால அந்த நேருக்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் போடுது. அதான் கோடு."

எனக்குக் காது சுட்டது.

"யாரும்மா அதுக்குள்ள பொட்டு வச்சது?" என்றார் அண்ணாச்சி.

அவள் குனிந்து பொட்டைப் பார்த்தாள். ஒரு மாசமாகச் சுற்றித் துடைத்தவள், அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தாள். வாலைப் பார்த்தாள். டிரம்மில் நாலு ஆயுத பூஜைக்கு என் பொட்டைப் பார்த்தவள் சார் அவள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன். வந்தது வேறு. "பூஜை அன்னைக்கு நீதானம்மா வச்ச. நாங்கள்லாம் பாத்தோமே."

அவள் கையிலிருந்த தாளை மடித்தாள். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினாள்.

"ஆமா அண்ணாச்சி. நான்தான். மூடியில ஒண்ணு, உள்ள ஒண்ணு. தெரியாம வச்சுட்டேன்."

"அடி கூறுகெட்டவளே! மிஷினு கண்ணுல சந்தனத்தை அப்பிட்டு, கண்ணு தெரியலை கண்ணு தெரியலைன்னு ஊரெல்லாம் போன் போட்டியா?" அண்ணாச்சி சிரித்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடுமே.

அவள் துணியை எடுத்தாள். அண்ணாச்சி தடுத்தார். "ஏய், வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளி. அழிக்காத."

"அழிக்கலை அண்ணாச்சி" என்றாள். விரலைத் தண்ணீரில் நனைத்துப் பொட்டின்மேல் வைத்து ஊறவிட்டு, மெதுவாகத் தூக்கி எடுத்தாள். எடுத்து மூடியின்மேல், அவள் வைத்த வட்டப் பொட்டுக்குப் பக்கத்தில், அப்படியே ஒற்றி வைத்தாள். குங்குமம்கூடக் கலையவில்லை. கண்ணாடியைப் பஞ்சால் சுத்தம் பண்ணிவிட்டு லட்சுமியை வைத்தாள். நாலு நிமிஷம். ஸ்கிரீனில் மேலிருந்து கீழே இறங்குகிறது. முடி, நெற்றி, தோள். தோள் சுத்தமாக இருந்தது. பச்சைப் பட்டு அப்படியே வந்தது.

நான் நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

நாலே நாளில் பன்னிரண்டு படமும் முடித்தாள். ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வந்துவிட்டது. அதோடு போயிற்றா? ஆல்பம் வாங்க வருகிற ஏஜெண்டு ஒவ்வொருவருக்கும் அண்ணாச்சி இந்தக் கதையைச் சொல்லுவார். "எங்க பொட்டு கார்த்தீஸ்வரி தெரியும்ல?" என்று ஆரம்பிப்பார். திருச்சிக்காரன் சிரிக்கிறான், சேலத்துக்காரன் சிரிக்கிறான். சிரித்து முடித்துவிட்டு, "ஆனா பிள்ளை கெட்டிக்காரி, தான் வச்சதைத் தானே கண்டுபிடிச்சுட்டாளே" என்கிறான். தப்புப் பண்ணிப் பெயர் வாங்கிய ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் பண்ணாத தப்பு.

என்னிடம் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம். இரண்டு தடவை நைட் ஷிப்டுக்கு என்று மேசையில் ஃபிலிமும் ஒரு துண்டுச் சீட்டும் வைத்துவிட்டுப் போனாள். "அண்ணே, இந்த மூணையும் நீங்க போட்டுருங்க." நான் தொடவில்லை. சீட்டின்மேல் பேப்பர்வெயிட்டைச் சரியாக வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அண்ணாச்சி கிண்ணத்தை அவளிடம்தான் கொடுத்தார். அவள் நேரே நான் நிற்கிற இடத்துக்கு வந்தாள். எல்லாரும் பார்க்கிறார்கள்.

"அண்ணே, இந்த வருஷம் நீங்க வைங்க. மூடிமேல."

மூடிமேல! எனக்கு இடம் காட்டுகிறாள் பாருங்கள். இருபத்தோரு வருஷம் பொட்டு வைத்தவனுக்கு. குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கை ஈரமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டேன். அங்கே தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். டிரம்மில் போன வருஷப் பொட்டு இருந்தது. சந்தனம் வெடித்து, வாலில் பாதி உதிர்ந்திருந்தது.

அவள் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம் சார். பொன்னுலிங்கம் அண்ணன்தான் வச்சாருன்னு ஒரு வார்த்தை. அண்ணாச்சி கத்தியிருப்பார், சீட்டைக் கிழித்திருப்பார், கிழிக்கட்டும். ஊர் பூராவும் என் பெயரைச் சொல்லிச் சிரித்திருக்கும். பொன்னுலிங்கம் பொட்டு என்று. இப்போது மூடிமேல் இரண்டு பொட்டு இருக்கிறது. ஒன்று வட்டம், ஒன்று வால். பார்க்கிறவர்கள் எல்லாம் இரண்டையும் காட்டி, கார்த்தீஸ்வரி வைத்தது என்கிறார்கள். அந்தப் பெட்டியில் என் கைபட்டதற்கு அடையாளம் அது ஒன்றுதான். அதையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

சாத்தூர் வந்துவிட்டது போலிருக்கிறது. அந்தச் சுருளைப் பத்திரமாகக் கொண்டுபோங்கள், ஈரச் சுவரில் மாட்டாதீர்கள்.

அது என் பொட்டு சார். நான் வைத்தது.

திருவண்ணாமலை என்றுதானே சொன்னீர்கள்? இந்தப் பக்கம் அடிக்கடி வரமாட்டீர்கள் இல்லையா?